மாமாவும் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரிக்க ஒரு நாவல் வேண்டும்

கேள்வி: வணக்கம். சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் புளோக்கிலும் பக்கத்துப் புளோக்குகளிலும் உள்ள சிலர் சேர்ந்து, மாதம் ஒருமுறை சமூக மன்றத்தில் கூடி ஒரு தமிழ்ப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். தேர்தல் நெருங்கினால் போதும், கூட்டம் திசைமாறிவிடுகிறது. ஊரிலிருந்து வந்தவர்கள் ஊர்க் கட்சிகளுக்காக மல்லுக்கட்டுகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் கைப்பேசியை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். என் வீட்டிலும் இதே கதைதான். மாமாவுக்கு எண்பது நெருங்குகிறது. வாலிபத்தில் பிடித்த கட்சியை இன்னும் விடவில்லை. என் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். இரவுச் சாப்பாட்டின்போது தட்டில் ரசம் ஆறிப்போகும், சண்டை ஆறாது. இந்த முறை சிரிக்க வைக்கும் அரசியல் நாவலாக எடுக்கலாம் என்று நினைக்கிறேன். யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாத மாதிரி எதைப் படிக்கலாம்? மாமாவுக்குப் பார்வை மங்கல், நீளமாகப் படிக்க முடியாது. தேசிய சேவையில் இருக்கும் மகன் ஆங்கிலத்தில்தான் படிப்பான். சிங்கப்பூரை வைத்து ஏதாவது உண்டா? இன்னொரு சந்தேகம்: எங்கள் கூட்டம் வாக்களிப்புக்கு முந்திய பிரசார ஓய்வு நாளில் விழுந்தால் நடத்தலாமா, கூடாதா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

எதை எடுக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திரா பார்த்தசாரதியின் ‘வேதபுரத்து வியாபாரிகள்’ எனக்கு மிகவும் பிடித்த நாவல். ஆனாலும் உங்கள் வட்டத்துக்கு, இந்தப் பருவத்தில், அது வேண்டாம். தமிழக அரசியலை வேதபுரம் என்ற கற்பனை ஊருக்குள் குடியமர்த்திக் கிண்டல் செய்யும் கதை அது. அந்த ஊர்த் தலைவர்களைப் படிக்கப் படிக்க நம் ஆட்களுக்கு நாக்கு சும்மா இருக்காது. ‘இது அவர்தானே?’ என்று ஒருவர் தொடங்குவார். ‘அவர் இல்லை, உங்கள் ஆள்’ என்று இன்னொருவர் எழுந்துவிடுவார். அப்புறம் நாவல் மேசையில் கிடக்கும். பேச்சு எங்கேயோ போய்விடும்.

நூலகத்துக்குத் திரும்பி வரும் இந்த மாதிரிப் புத்தகங்களைப் புரட்டினால் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு தலைவரின் பெயர் எழுதியிருக்கும். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், அதை அடித்துவிட்டு இன்னொரு தலைவரின் பெயர். அழிப்பானை எடுத்து இரண்டையும் அழிப்பது நூலகர்களான எங்கள் வேலை. (தயவுசெய்து நூலகப் புத்தகத்தில் எழுதாதீர்கள். தேர்தல் நேரத்தில் கூட.)

ஆளைக் குறிவைத்து எழுதிய நையாண்டி அந்த ஆள் செய்தியில் இருக்கும்வரை நன்றாகச் சுடும். சுடுபட்டவருக்கு வேண்டியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அதை ரசிக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது வேறு வகை. கொடி பிடிப்பவன், கோப்பைத் தள்ளிப்போடும் குமாஸ்தா, கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தேர்தல் அதிகாரி, ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அரசியல்வாதியைத் திட்டும் நாம். இவர்களைப் பார்த்துச் சிரிக்கும் கதைகளில் எந்தக் கட்சிக்காரருக்கும் தனியாக வலிக்காது. வலித்தால் எல்லாருக்கும் சேர்த்து வலிக்கும்.

முதல் கூட்டத்துக்கு நாவலே வேண்டாம், ஒரு சிறுகதையோடு தொடங்குங்கள். வைக்கம் முகம்மது பஷீரின் ‘உலகப் புகழ்பெற்ற மூக்கு’. மலையாளத்திலிருந்து தமிழில் குளச்சல் மு. யூசுப் மொழிபெயர்த்து, காலச்சுவடு வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சமையல்காரனுக்குத் திடீரென்று மூக்கு வளர ஆரம்பிக்கிறது. வாயைத் தாண்டி, தாடையைத் தாண்டி, தொப்புள் வரைக்கும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுவதால் வேலை போகிறது. பட்டினி. பிறகு அதே கூட்டத்திடம் காசு வாங்கிக்கொண்டு மூக்கைக் காட்டுகிறான், பணக்காரன் ஆகிறான். பணமும் புகழும் சேர்ந்த இடத்துக்கு அரசியல் வராமல் இருக்குமா? அரசாங்கம் பட்டம் கொடுக்கிறது. கட்சிகள் ‘மூக்கு எங்களுடையது’ என்று உரிமை கொண்டாடுகின்றன. கிடைக்காத தரப்பு ‘அது ரப்பர் மூக்கு’ என்று கிளப்பிவிடுகிறது. நாடே இரண்டாகப் பிரிந்து நிற்க, நிபுணர் குழு கூடி மூக்கு நுனியில் ஊசியால் குத்திப் பார்க்கிறது. இரத்தம் வருகிறதா இல்லையா என்பதில் அரசாங்கத்தின் தலையெழுத்தே அடங்கியிருக்கிறது.

இந்தக் கதையை நீங்களே மேலோட்டமாகச் சொல்லிவிடாதீர்கள். உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். நல்ல குரல் உள்ள ஒருவர் படித்தால், ரப்பர் மூக்குக் கட்டம் வரும்போது எந்தக் கட்சிக்காரரும் சிரிப்பை அடக்க மாட்டார். ஒருவர் கூட ‘இது உங்கள் தலைவர்’ என்று சொல்ல முடியாது என்பதுதான் பஷீரின் சாமர்த்தியம். மூக்குக்கு ஏது கட்சி?

அடுத்து நாவல். ஒன்றே ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் ‘தர்பாரி ராகம்’ எடுங்கள் என்பேன். ஸ்ரீலால் சுக்ல 1968இல் இந்தியில் எழுதியது. அடுத்த ஆண்டே சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் கொண்டுவந்தது. சிவபால்கஞ்ச் என்ற வட இந்தியக் கிராமத்துக்கு, ஆராய்ச்சி மாணவனான ரங்கநாத் உடம்பைத் தேற்றிக்கொள்ள மாமா வீட்டுக்கு வருகிறான். மாமா பெயர் வைத்தியஜி. ஊர்க் கல்லூரி அவர் கையில், கூட்டுறவுச் சங்கம் அவர் கையில். மிச்சம் இருப்பது பஞ்சாயத்து. அதையும் பிடிக்க வேண்டும், ஆனால் தானே போய் நிற்பது மரியாதைக் குறைவு. என்ன செய்கிறார்? வீட்டில் அரை டிராயரோடு உட்கார்ந்து பாங்கு என்ற போதை இலையை அரைத்துக்கொண்டிருக்கும் வேலையாள் சனீச்சரை ஊர்த்தலைவர் பதவிக்கு நிறுத்துகிறார்.

அந்தத் தேர்தல் பகுதியை மட்டும் தனியாக எடுத்துப் படித்தாலும் ஒரு மாலைப் பொழுது போதாது. பக்கத்து ஊர்களில் தேர்தலை ஜெயித்த முறைகளை ஆசிரியர் ஏதோ ஆயுர்வேதச் சிகிச்சைகளைச் சொல்வதுபோல நிதானமாக, ஊர்ப் பெயர் வைத்து விளக்குவார். அதில் மஹிபால்பூர் முறை என்று ஒன்று. அங்கே தேர்தல் அதிகாரியின் கடிகாரம் வேகமாக ஓடுகிறது. ஒரு தரப்பு ஆட்கள் முன்னதாகவே வந்து ஓட்டுப் போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் சாவகாசமாக வந்து சேரும்போது ‘நேரம் முடிந்துவிட்டது’ என்று சாவடியை மூடிவிட்டார் அதிகாரி. யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, பெட்டியைத் தூக்கவில்லை. ஒரு கைக்கடிகாரம் போதுமாக இருந்தது. தற்செயலாக நடந்ததை மற்ற ஊர்க்காரர்கள் பாடமாக்கிக்கொண்டார்கள். சனீச்சர் எந்த முறையில் ஜெயித்தான் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு இடம். கூட்டுறவுச் சங்கத்தில் கையாடல் நடந்துவிடுகிறது. வைத்தியஜி கலங்கவே இல்லை. இத்தனை நாள் நம் சங்கத்தில் கையாடலே நடக்காததால் ஊர் நம்மைச் சந்தேகமாகப் பார்த்தது, இப்போது ஒன்று நடந்தது, நாம் மறைக்கவும் இல்லை, ஆகவே நாம் நேர்மையானவர்கள் என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் விளக்கம் கொடுப்பார். உங்கள் மாமாவுக்கும் வீட்டுக்காரருக்கும் இந்த இடத்தை ஒரே நேரத்தில் படித்துக் காட்டுங்கள். ஆளுக்கொரு கட்சியை நினைத்துச் சிரிப்பார்கள்; சிரிப்பு ஒன்றாகத்தான் இருக்கும்.

லங்கட் என்ற நொண்டி ஒருவன் வருவான். தாசில் அலுவலகத்தில் ஒரு நகல் வாங்க வேண்டும். லஞ்சம் கொடுக்க மாட்டேன் என்று அவன் சபதம். வாங்க மாட்டேன், ஆனால் விதிப்படிதான் கொடுப்பேன் என்று குமாஸ்தாவின் சபதம். நாவல் முழுக்க அவன் வந்து போய்க்கொண்டே இருப்பான். எல்லா வேலையையும் கைப்பேசியிலேயே முடித்துக்கொள்ளும் நம் ஊர் இளையர்களுக்கு இது மாயக்கதை போலத் தோன்றலாம். ஊரிலிருந்து வந்த யாராவது ஒருவர் பட்டா வாங்கிய அனுபவத்தைச் சொன்னால் சரியாகிவிடும். இங்கே பிறந்தவர்களும் ஊரிலிருந்து வந்தவர்களும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பேசிக்கொள்வது இந்த மாதிரி இடங்களில்தான்.

புத்தகம் தடிமன். மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக ஓடும். எல்லாரும் முழுக்கப் படித்து வர வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள்.

மொழிபெயர்ப்பு வேண்டாம், நேராகத் தமிழில்தான் வேண்டும் என்பவர்களுக்கு இமையத்தின் ‘வாழ்க வாழ்க’ இருக்கிறது. க்ரியா வெளியீடு, குறுநாவல், ஒரே மாலையில் முடித்துவிடலாம். தலைவியின் பொதுக்கூட்டத்துக்குக் கிராமத்துப் பெண்களைக் காசு கொடுத்து வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். கதை அவ்வளவுதான். வெயில், தாகம், நாற்காலி பிடிப்பதில் வெடிக்கும் சாதிச் சண்டை, ஹெலிகாப்டர் எப்போது வரும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம். மேடையில் என்ன பேசினார்கள் என்பதில் கதைக்கு அக்கறை இல்லை. கீழே உட்கார்ந்திருப்பவர்களின் வாயிலிருந்து வரும் பேச்சுதான் நாவல். அந்தப் பேச்சில் நகைச்சுவை தன்பாட்டில் வந்து விழுகிறது. யாரும் ஜோக் அடிக்கவில்லை. இதைப் படித்தபின் தொலைக்காட்சியில் பொதுக்கூட்டம் காட்டினால் கண் மேடைக்குப் போகாது, முதல் வரிசைக்குப் பின்னால் இருக்கும் முகங்களுக்குப் போகும். உங்கள் வட்டத்தில் ஊர்க் கூட்டங்களுக்குப் போய்வந்த பெண்கள் இருந்தால் அவர்களை முதலில் பேச விடுங்கள். கட்சிப் பெயர் சொல்லாமலே நிறையச் சொல்வார்கள்.

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யைப் பலர் அரசியல் நாவலாக நினைப்பதில்லை. 1966இல் புத்தகமாக வந்தது. ஒரு முச்சந்திப் புளியமரம், அதைச் சுற்றிக் கடை வைத்திருக்கும் இரண்டு வியாபாரிகள் தாமு, காதர், இவர்களுக்கு இடையில் பத்திரிகை நிருபர் இசக்கி. வியாபாரப் போட்டி நகராட்சித் தேர்தல் ஆகி, மரத்தை வெட்டுவதா வேண்டாமா என்பது ஊர் அரசியலாகும்போது சிரிப்பு தாங்காது. சிக்கல் என்னவென்றால் அந்த இடம் பின்பாதியில் வருகிறது. முன்பாதியில் தாமோதர ஆசான் பழங்கதை சொல்லிக்கொண்டிருப்பார். அது அற்புதமான பகுதிதான், ஆனால் அவசரக்காரர்கள் அங்கேயே இறங்கிவிடுவார்கள். அவர்களைக் கையைப் பிடித்து நகராட்சிக்குக் கூட்டிப்போவது உங்கள் பொறுப்பு.

இந்திரா பார்த்தசாரதியை ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவருடைய ‘சுதந்திர பூமி’ உங்களுக்குப் பொருந்தும். டெல்லி அரசியல்வாதி ஒருவர் வீட்டுக்குள் சமையல் வேலைக்காக நுழைகிறான் முகுந்தன் என்ற படித்த தமிழ் இளைஞன். அடுப்படியிலிருந்து அதிகாரத்தின் உள்ளறை வரைக்கும் எப்படிப் போய்ச் சேர்கிறான் என்பதுதான் கதை. வாய்விட்டுச் சிரிக்க வைக்காது. உதட்டோரம் ஒரு கோணல் சிரிப்பு கடைசிப் பக்கம் வரை இருக்கும். பஷீரின் சமையல்காரனும் இந்தச் சமையல்காரனும் அரசியலுக்கு வந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல மாலை.

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’யைச் சிரிப்புக்காக எடுக்க வேண்டாம், அது துயரக் கதை. ஆனால் ஆட்டுக்குட்டிக்குக் காது குத்தி எண் வாங்குவதற்காக மக்கள் வரிசையில் நிற்கும் அத்தியாயம் மட்டும் அலுவலக நையாண்டியில் முதல் தரம்.

இனி மாமா. அவருக்கு நாவல் வேண்டாம், நாடகம் கொடுங்கள். சோவின் ‘முகமது பின் துக்ளக்’. 1968இல் மேடையேறி 1971இல் திரைப்படமாகவும் வந்தது. பதினான்காம் நூற்றாண்டு சுல்தானும் அவருடைய பயணி நண்பர் இபின் பதூதாவும் கல்லறையிலிருந்து எழுந்து வந்து, இன்றைய இந்தியாவில் தேர்தலில் நின்று ஜெயித்து, துக்ளக் பிரதமரே ஆகிவிடுகிறார். கட்சி தாவி வருகிறவர்களையெல்லாம் எப்படித் திருப்திப்படுத்துவது? எல்லாரையும் துணைப் பிரதமர் ஆக்கிவிடுகிறார். இந்தி வேண்டுமா, ஆங்கிலம் வேண்டுமா என்ற மொழிச் சண்டைக்கும் வைத்தியம் வைத்திருக்கிறார்: பாரசீகம்தான் ஆட்சிமொழி. ஆக, யாருக்கும் புரியாது, யாருக்கும் மனக்குறையும் இல்லை.

நான் மேலே சொன்ன விதிக்கு இது முரண் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆளைக் குத்தும் நாடகம்தானே, அன்று ஆட்சியில் இருந்தவர்களுக்கு எரிச்சலூட்டிய நாடகம்தானே? உண்மைதான். ஆனால் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அன்று யாருக்குக் குத்தியது என்பது உங்கள் வீட்டில் மாமா ஒருவருக்குத்தான் சரியாகத் தெரியும். அதனால் அதை விளக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். தான் விரும்பும் கட்சியைத் தானே கிண்டல் செய்யும் வசனத்தை அவர் உரக்கப் படிக்க வேண்டியிருக்கும். படிக்கும்போது சிரிப்பார் என்றுதான் நினைக்கிறேன். பார்வை மங்கலாக இருந்தால் மகனோ மருமகளோ துக்ளக்காகப் படிக்கட்டும், மாமா கேட்டுக்கொண்டே பதூதாவின் வசனத்தைச் சொல்லட்டும். வசனங்கள் குட்டி குட்டியாக இருப்பதால் பிரதியைப் பெரிய எழுத்தில் நகல் எடுத்துக் கொடுத்தாலும் சமாளிப்பார். உங்கள் வீட்டுக்காரருக்குத் துணைப் பிரதமர் வேடங்களில் ஒன்று. முடிவில் ஒரு திருப்பம் இருக்கிறது. படம் பார்த்தவர்களிடம் வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவருக்கு இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் பாரதியின் ‘காக்காய்ப் பார்லிமெண்ட்’. சில பக்கம்தான். வீட்டு மேல் கூடிக் கரையும் காக்கைகள் என்ன தீர்மானம் போடுகின்றன என்று ஒட்டுக்கேட்பதுதான் கதை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

மகனுக்கு. ‘அனிமல் ஃபார்ம்’ என்று எல்லாரும் சொல்வார்கள். பள்ளியிலேயே படித்திருப்பான், விட்டுவிடுங்கள். சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1836, 1837இல் தொடராக எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலின் பதின்மூன்றாவது அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ஈட்டன்ஸ்வில் என்ற ஊர்த் தேர்தல். ஊரில் நீலக் கட்சி, மஞ்சள் கட்சி. நீலக்காரர்களுக்குத் தனிப் பத்திரிகை, மஞ்சள்காரர்களுக்குத் தனிப் பத்திரிகை. கடைகள் தனி, சத்திரங்கள் தனி. தேவாலயத்தில்கூட நீல வரிசை, மஞ்சள் வரிசை. வாக்காளர்களை வண்டிக் கொட்டகையில் அடைத்துக் குடிக்கவைத்து, வாக்களிக்கும் நேரம்வரை தெளியவிடாமல் வைத்திருப்பார்கள். வேட்பாளர் குழந்தைகளின் தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஏற்பாடு. ஒரு குழந்தைக்கு முத்தமும் கொடுத்தால் நல்லது என்று ஆலோசகர் சொல்ல, வேட்பாளர் முத்தம் கொடுத்ததும் கூட்டம் ஆர்ப்பரிக்க, உடனே எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார். கோப்பிக்கடையில் தொகுதி உலாவின்போது யாராவது உங்கள் பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினால், அந்த உத்திக்கு வயது இருநூறை நெருங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அவனுக்கு அது பிடித்துவிட்டால் ஜோஸே சரமாகோவின் ‘சீயிங்’ கொடுங்கள். ஒரு நாட்டின் தலைநகரில் மழை நாளில் தேர்தல். மாலை வரை சாவடியில் ஆளில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். எண்ணிப் பார்த்தால் எழுபது விழுக்காட்டுக்கு மேல் வெற்றுச் சீட்டு. மறுதேர்தல் வைத்தால் வெற்றுச் சீட்டு இன்னும் கூடுகிறது. யாரும் கலகம் செய்யவில்லை, கோஷம் போடவில்லை. அரசாங்கம் மட்டும் பதறிப்போய் ஒன்றன்பின் ஒன்றாக முட்டாள்தனம் செய்கிறது. வாக்களிப்பு கட்டாயமாக உள்ள நம் நாட்டில் முதல்முறை வாக்களிக்கப் போகும் பையனுக்கு யோசிக்க நிறைய இருக்கும். சரமாகோ முற்றுப்புள்ளியை மிகவும் சிக்கனமாகப் பயன்படுத்துபவர், முதல் முப்பது பக்கம் பொறுமை வேண்டும் என்று எச்சரித்துவிடுங்கள்.

சிங்கப்பூரைக் கேட்டீர்கள். தமிழில், தேர்தலை மையமாக வைத்த நகைச்சுவை நாவல் என்று உங்கள் கையில் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நையாண்டிக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 1888இலேயே ‘சிங்கைநேசன்’ இதழில் ஆசிரியர் மகதூம் சாயபு ‘விநோத சம்பாஷணை’ என்ற உரையாடலை எழுதியிருக்கிறார். அப்போது இங்கே தேர்தலே கிடையாது. முதல் தேர்தல் 1948இல்தான். அதற்குப் பிறகும் நம் எழுத்தாளர்கள் குடும்பம், வேலையிடம், மொழி, புலம்பெயர்வு என்று எழுதினார்களே தவிர, வேட்பாளர்களைக் கிண்டல் செய்ய அதிகம் கை வைக்கவில்லை. பிரசாரக் கூட்டத்தில் வேற்று இன வேட்பாளர் ஒருவர் மனப்பாடம் செய்துவந்த ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லுக்குத் திடல் முழுக்கக் கைதட்டல் எழும் காட்சியை இன்னும் யாரும் கதையாக எழுதாதது எனக்கு வருத்தம்தான். உங்கள் வட்டத்தில் எழுதும் ஆசை உள்ளவர் யாரேனும் உண்டா?

ஆங்கிலத்தில் படிக்கலாம் என்றால் சோனி லியூவின் ‘தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹொக் சை’. 2015இல் வந்த படக்கதை நாவல். சார்லி சான் என்ற கற்பனை ஓவியர் வாழ்நாள் முழுக்க வரைந்த படக்கதைகளின் தொகுப்பு என்ற பாவனையில், நம் அரசியல் வரலாறு முழுவதையும் சொல்லிவிடுவார். ஓரிடத்தில் அரசியல்வாதிகள் விலங்குகளாக வருவார்கள்; இன்னோரிடத்தில் நாடே ஒரு எழுதுபொருள் கம்பெனியாகி, பிரதமர் அதன் முதலாளி ஆவார். அந்நாளைய இடதுசாரித் தலைவர் லிம் சின் சியோங் பிரதமராகியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு பகுதி. வெளியீட்டுக்குச் சற்று முன் தேசியக் கலைகள் மன்றம் தன் 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றது. அந்தச் செய்தியே விளம்பரமாகிப் பிரதிகள் பறந்தன. 2016இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு, 2017இல் படக்கதைகளுக்கான ஐஸ்னர் விருதுகள் மூன்று. படம் என்பதால் மாமாவும் பேரனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். ஐம்பது, அறுபதுகளில் இங்கே இருந்தவர் என்றால் பேரனுக்கு அவர்தான் உரையாசிரியர்.

குவோ பாவ் குன்னின் ‘தி காஃபின் இஸ் டூ பிக் ஃபார் தி ஹோல்’ தேர்தல் நாடகம் அல்ல. தாத்தாவின் சவப்பெட்டி அரசாங்கம் நிர்ணயித்த குழியில் அடங்கவில்லை, ஒரு ஆளுக்கு ஒரு குழிதான் என்று அதிகாரி ஒற்றைக்காலில் நிற்கிறார். ஒருவர் மட்டும் பேசும் நாடகம். நம் ஊரின் ஒழுங்கைப் பார்த்து நாமே சிரித்துக்கொள்ள இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

பிரசார ஓய்வு நாள் பற்றி. வாக்களிப்புக்கு முந்திய நாள் பிரசாரம் கூடாது என்ற இந்த ஏற்பாடு 2011 பொதுத் தேர்தலில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. தடை பிரசாரத்துக்கும் தேர்தல் விளம்பரத்துக்கும். 1968இல் எழுதிய கிராமத்துக் கதையைப் பேசுவது பிரசாரம் ஆகாது. ஆனால் நான் நூலகர், வழக்கறிஞர் அல்ல. உங்கள் கூட்டம் நாவலைவிட்டு நம் தொகுதி வேட்பாளருக்குத் தாவாது என்று உங்களால் உத்தரவாதம் கொடுக்க முடியுமா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முடியாது என்றுதான் தோன்றுகிறது. முடிவுகள் வந்த அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்துவிடுங்கள். ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் சற்று இளகியிருக்கும் நேரம், சிரிப்பும் நன்றாக வரும்.

கூட்டத்துக்கு ஒரு விதி வையுங்கள்: உயிரோடிருக்கும் எந்தத் தலைவரின் பெயரையும் யார் முதலில் சொல்கிறாரோ, அன்றைய வடையும் தே தாரிக்கும் அவர் செலவு. கூட்டம் தொடங்கும்போதே சிரித்துக்கொண்டு அறிவித்துவிடுங்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் அந்த விதியைக் கொண்டுவரலாம், அபராதம் மட்டும் பாத்திரம் கழுவுவது என்று மாற்றிக்கொள்ளுங்கள். மாமாவுக்கு வயது விலக்கு கொடுத்துவிடாதீர்கள், அப்புறம் எல்லாப் பெயரையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துவிடுவார் உங்கள் வீட்டுக்காரர்.

புத்தகங்களைத் தேடும்போது தமிழ் எழுத்தில் அடித்துக் கிடைக்கவில்லை என்றால் ஆசிரியர் பெயரை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள். ஒரே தலைப்பில் தமிழ்ப் பிரதிகள் அதிகம் இருக்காது. வட்டத்தில் ஒருவர் இப்போதே முன்பதிவு செய்து, படித்து முடித்ததும் அடுத்தவருக்குக் கிடைக்கும்படி திருப்பிவிடட்டும். பஷீர் கதையும் பாரதி கதையும் சிறியவை என்பதால் முதல் கூட்டத்துக்கு அவை போதும். ‘தர்பாரி ராகம்’ வந்து சேர நாளாகும் என்பதால் அதை இரண்டாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கும் அகப்படவில்லை என்றால் உங்கள் கிளை நூலகத்தில் தமிழ்ப் பிரிவைக் கவனிப்பவரிடம் கேளுங்கள், அலமாரியில் இல்லாதது கிடங்கில் இருப்பது உண்டு.